காது அடைப்பு, தலை பாரம்: காதில் ஒன்றும் இல்லை என்றால் மூக்கைப் பாருங்கள்

காது வாரக்கணக்கில் அடைத்தபடியே இருந்தால் பலரும் முதலில் எடுப்பது பட்ஸைத்தான். அது குறும்பியை எடுப்பதைவிட உள்ளே தள்ளி இறுக்குவதே அதிகம். தலைக்குக் குளித்த உடனே அடைத்துக்கொண்டால், குறும்பி தண்ணீரில் ஊறி உப்பியிருக்கலாம். சில நாள் சொட்டு மருந்து விட்டு இளக்கி, ஈ.என்.டி. மருத்துவர் உறிஞ்சி எடுத்துவிட்டால் சரியாகிவிடும். காய்ச்சிய எண்ணெய், ஹேர்பின் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

குறும்பி இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகும் அடைப்பு தொடர்ந்தால், பெரும்பாலும் சிக்கல் ஊஸ்டேக்கியன் குழாயில். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கம் வரை ஓடும் இது பெரியவர்களுக்குச் சுமார் 3.5 செ.மீ. நீளம். எப்போதும் மூடியிருக்கும், எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து காற்றை விடும். சளி, தூசி அலர்ஜி, சிகரெட் புகை, நெஞ்செரிச்சல் போன்றவற்றால் அதன் வாய் வீங்கினால் திறக்காது. உள்ளே அடைபட்ட காற்று மெல்ல மெல்ல ரத்தத்தில் கலந்து குறைய, செவிப்பறை உட்பக்கம் இழுபடும். செவிப்பறை எப்படி அசைகிறது என்று வரைபடமாகக் காட்டும் டிம்பனோமெட்ரி சோதனையில் 'சி' என்று வந்தால் இந்த அழுத்தக் குறைவு. 'பி' என்று தட்டையாக வந்தால், பெரும்பாலும் நடுக்காதில் நீர் கோத்திருக்கிறது.

அலர்ஜிதான் காரணம் என்றால் ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தருவார்கள். "அடிச்சேன், கேக்கலை" என்பவர்களில் நிறையப் பேர் அடிக்கும் விதமே தவறு. தலையை அண்ணாந்து வைக்காமல் சற்றுக் குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. நுனி நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளிமுனையைப் பார்க்க வேண்டும். அடித்ததும் வேகமாக உறிஞ்சக் கூடாது. மருந்து தொண்டையில் இறங்கினால், தங்க வேண்டிய இடத்தில் தங்கவில்லை என்று அர்த்தம். தினமும் 2 வாரமாவது விடாமல் அடித்த பிறகே பலன் உண்டா என்று முடிவு கட்டுங்கள்.

உடனே மூக்கைத் திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டுகள் வேறு வகை. 5 நாளுக்கு மேல் விட்டால், நிறுத்தும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவது நல்ல பயிற்சி. மூக்கைப் பொத்திக் காற்றை ஊதுவதாக இருந்தால் மெதுவாக. கெட்டிச் சளி இருக்கும்போது வேண்டாம்.

தலை பாரத்தை மட்டும் வைத்து சைனஸ் என்று ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். வெளிச்சம் கூசுவது, குமட்டல் சேர்ந்து வந்தால் அது மைக்ரேனாக (ஒற்றைத் தலைவலி) இருக்கலாம். மெல்லும்போது தாடையில் 'கிளிக்' சத்தமும் காதோரம் வலியும் இருந்தால் தாடை மூட்டைப் பார்க்க வேண்டும்.

ஒரு காது திடீரென்று மந்தமானால், வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். சத்தம் நல்ல காதில் பலமாகக் கேட்டால் உள்காது நரம்பு பாதித்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள், ஸ்டீராய்டு சிகிச்சை தள்ளிப்போகப் போகப் பலன் குறையும். பெரியவர்களுக்கு ஒரே காதில் நீர் கோத்து வாரக்கணக்கில் வடியாவிட்டால், மூக்கின் பின்பக்கத்தில் கட்டி ஏதும் உண்டா என்று எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.