பெரில் மார்ஸ்டன்: ஐந்து சிங்கிள், ஒரு தவறான பக்கம்

1960களின் லிவர்பூல் பாடகி என்றாலே சில்லா பிளாக் பெயர்தான் வரும். அவர் பாடிய அதே கேவர்ன் என்ற இசைக் கிளப்பில், பள்ளி வயதிலேயே அண்டர்டேக்கர்ஸ் என்ற இசைக்குழுவோடு பாடியவர் பெரில் மார்ஸ்டன். 1947இல் பிறந்தவர். சாக்ஸபோன் வைத்த முரட்டுக் குழு அது. அதை மீறிக் கேட்கும் கரகரப்பான குரல் இவருக்கு. லிவர்பூல் பெண்குரல்களில் ரிதம் அண்ட் புளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின இசை இவ்வளவு இயல்பாக வந்தது இவருக்குத்தான் என்பேன்.

1963 முதல் 1966 வரை தனிப்பெயரில் ஐந்தே சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய இசைத்தட்டு. முதல் இரண்டு டெக்கா, மற்ற மூன்றும் கொலம்பியா என்ற லேபிளில் (தட்டை வெளியிடும் நிறுவனப் பெயர்) வந்தவை. ஒன்றுகூட ஹிட் ஆகவில்லை. குரலில் குறையில்லை, பாட்டுத் தேர்வில்தான் கோளாறு. 1963இல் வந்த 'ஐ நோ' 1961இல் பார்பரா ஜார்ஜ் பாடி அமெரிக்காவில் ஓடிய பாட்டு. அடுத்தது, 1964 தொடக்கத்தில், அமெரிக்கப் பெண்கள் குழு சுப்ரீம்ஸின் 'வென் தி லவ்லைட் ஸ்டார்ட்ஸ் ஷைனிங் த்ரூ ஹிஸ் ஐஸ்'. மூலப்பாட்டும் ஏறக்குறைய அப்போதே பிரிட்டனில் ஸ்டேட்சைடு லேபிளில் விற்பனைக்கு வந்துவிட்டது. சில மாதங்களில் பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டும் தன் முதல் எல்பியில் (பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டு) அதையே பாடினார். இந்த நெரிசலில் பதினாறு வயதுப் பெண்ணின் தட்டை யார் தேடிப் போவார்கள்?

பெரிய தவறு 1965இல் நடந்தது. சிங்கிளில் முன்பக்கம்தான் விளம்பரப்படுத்தும் பாட்டு, பின்பக்கம் துணைப் பாட்டு. கொலம்பியா 'மியூசிக் டாக்' பாட்டை முன்பக்கத்தில் வைத்தது. அது ஸ்டீவி வொண்டரின் ஒரு சிங்கிளில் பின்பக்கமாக வந்த பாட்டு! பின்பக்கத்தில் ஒதுக்கியது 'பிரேக்-அ-வே'. ஜாக்கி டிஷானனும் ஷாரன் ஷீலியும் எழுதி, 1964இல் இர்மா தாமஸ் பாடியது. 1983இல் டிரேசி உல்மன் பாடியபோது அது பிரிட்டனில் நான்காம் இடம்வரை போனது. 1965 டிசம்பரில் பீட்டில்ஸின் கடைசி பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் பெரிலும் பாடினார். அந்த வாய்ப்போடு சரியான பக்கமும் சேர்ந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். 'பிரேக்-அ-வே'யில் தொடங்கிக் கேளுங்கள், பிறகு இவரது இன்னொரு கொலம்பியா சிங்கிள் 'ஹூ யூ கான்னா ஹர்ட்'. 1966இல் வந்த 'வாட்ஸ் ஷி காட்' கடைசியில் போதும்.

பழைய தட்டு வாங்குவோருக்கு: இந்தக் கொலம்பியா ஈ.எம்.ஐ. இசை நிறுவனத்தின் பிரிட்டிஷ் லேபிள், அமெரிக்கக் கொலம்பியா வேறு. அமெரிக்கப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. எல்லாமே 7 அங்குலம், மோனோ (ஒரே ஒலித்தடம்). ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (முள் பொருத்திய கருவி) போட்டால் ஆம்பில் (ஒலிபெருக்கி) மோனோ பொத்தானை அழுத்துங்கள். தட்டிலுள்ள பள்ளத்தில் முள்ளின் மேல்கீழ் அசைவில் வரும் கரகர சத்தம் பெருமளவு அடங்கும். அது குறைந்தும் உரத்த இடங்களில் குரல் பிசிறினால் தேய்ந்த தட்டு என்று பொருள். கழுவிப் பயனில்லை. நுனி ஆரம் ஒரு மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது சுமார் 25 மைக்ரான் உள்ள கூம்பு முள் போட்டால், சிறிய முள் தேய்த்த இடத்தைத் தாண்டிப் பள்ளச் சுவரின் வேறொரு உயரத்தைத் தொடும். சில தட்டுகள் அதில் பிழைக்கும். தட்டு வேண்டாம் என்பவர்களுக்கு பெரிலின் பாட்டுகள் அடங்கிய 'சேஞ்சஸ்' தொகுப்பு இருக்கிறது.

1966இல் பெரில் ஷாட்கன் எக்ஸ்பிரஸ் என்ற குழுவில் சேர்ந்தார். பின்னாளில் புகழ்பெற்ற பலர் அதில் இருந்தார்கள்: ராட் ஸ்டூவர்ட் உடன் பாட, பீட்டர் பார்டன்ஸ் ஆர்கன், பீட்டர் கிரீன் கிதார், டேவ் ஆம்புரோஸ் பேஸ், மிக் ஃபிளீட்வுட் டிரம்ஸ். பெயர்களைப் பார்த்துச் சோல் (உணர்ச்சி ததும்பும் அமெரிக்கக் கறுப்பின இசை) எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்: முதல் சிங்கிளில் வயலின்கள் எல்லாவற்றையும் மூடிவிடும். விலை மட்டும் அந்தப் பெயர்களுக்காகவே ஏறி நிற்கும். அதே காசுக்குப் பெரிலின் தனித்தட்டு வாங்குவதே மேல்.