சுகர் இறங்கும்வரை

மார்ச் 3
அப்பாவுக்குச் சுகர் காலையில் 286. ஆபரேஷன் நாளைக்கும் இல்லை.

மார்ச் 4
அப்பா தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஃபோனில் 'தி ஸ்கெலிட்டன் டான்ஸ்', எலும்புக்கூடுகள் ஆடும் கார்ட்டூன், மறுபடியும். 1929, டிஸ்னியின் 'சில்லி சிம்ஃபனி' வரிசையில் முதல் படம், ஐந்தரை நிமிடம். மிக்கி படங்களில் இசை படத்தின் பின்னால் ஓடும். அதைத் திருப்பிப் போட வேண்டும், இசை முன்னால் போகட்டும் என்று டிஸ்னியிடம் வாதாடியவர் இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங். எலும்புக்கூடு யோசனையும் அவருடையதுதான். அவர் போட்ட தாளக் கணக்கை வைத்துக்கொண்டு படத்தின் பெரும்பகுதியை அனிமேட்டர் அப் ஐவெர்க்ஸ் ஒருவரே வரைந்தார். வினாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). 12 சட்டகத்துக்கு ஒரு தட்டு என்றால் நிமிடத்துக்கு 120. இது தெரிந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் எண்ணுகிறேன். டிரிப்ஸ் சொட்டுவதைக்கூட.

மார்ச் 5
261. இறங்குகிறதாம். என்ன வேகமோ.

டாக்டர் எக்ஸ்ரேயைச் சன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு விளக்கினார். தம்பி பார்த்தான். நான் டாக்டரின் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6
அக்கா பையனுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். ஆந்தை நடுங்கும்போதே சிரிப்பு. கல்லறை மேல் இரண்டு பூனைகள் மூக்கை இழுத்துச் சண்டை போட, நடுவிலிருந்து எலும்புக்கூடு எழும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். அது நேராக நம்மை நோக்கித் தாவி, வாயைத் திறந்து திரையையே விழுங்கும். அவ்வளவு பழைய படத்தில் அந்தத் துணிச்சல்! பூனை வாலை நரம்பாக மீட்டுவதும், ஒரு எலும்புக்கூடு இன்னொன்றையே சைலஃபோனாக்கிக் கட்டையால் தட்டி வாசிப்பதும் அவனுக்குப் பிடித்தன. எனக்கும். ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு சத்தம், சத்தம் விழும் இடத்தில் எலும்பு விழுகிறது.

நடுவில் நான்கு எலும்புக்கூடுகளும் வரிசையாக ஆடும் இடத்தில் பையன் தலையைத் திருப்பிவிட்டான். "மாமா, இதையேதான் அப்பவும் ஆடுச்சு." சரியாகச் சொன்னான்.

மார்ச் 7
நாள் முழுக்க எரிச்சல். மாத்திரைச் சீட்டு, கையெழுத்து, மறுபடி சீட்டு. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்தி இன்னும் சில நாள் போக வேண்டுமாம். முதல் நாளே சொல்லியிருக்கலாமே.

அந்தப் படமும் ஒன்றும் பெரிதில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். வரைந்த அதே தாள்கள் திரும்பத் திரும்ப வருவது அப்பட்டமாகத் தெரிகிறது. இந்தப் பக்கம் ஆடியதை அந்தப் பக்கம் ஆடுகிறார்கள். கதை கிடையாது. ஆந்தைக்கும் பூனைக்கும் ஏதோ ஆகப்போகிறது என்று காட்டிவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள். ஆட்டம் எதனால் இன்னும் பலமாகிறது, எதனால் முடிகிறது? சேவல் கூவுகிறது, முடிகிறது.

இன்னொன்று. படத்தில் வருவது ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸின் இசை என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நார்வேக்காரர் க்ரீகின் 'ட்ரோல்களின் அணிவகுப்பு' அது, ட்ரோல் என்றால் அங்கத்திய கதைப் பூதம். அதையும் ஒரு பகுதிக்குத்தான் எடுத்தார், மீதி ஸ்டாலிங் சொந்தமாகப் போட்டது. யாரிடம் சண்டை போடுகிறேன், நள்ளிரவில்?

மார்ச் 8
அப்பா கட்டில் கம்பியில் விரலால் தட்டினார். ஆதி தாளம். எட்டாவதை மட்டும் விட்டுவிட்டார், வலி வந்திருக்கும்.

சத்தத்தோடு மறுபடி பார்த்தேன். நேற்றுக் குத்திய இடம் அவ்வளவாகக் குத்தவில்லை. திரும்பி வரும் தாளத்துக்குத் திரும்பி வரும் படம் பொருந்திப்போகிறது. ஆனால் நான்கு பேரும் ஒரே மாதிரி ஆடுவதில் இன்னும் அரை நிமிடத்தை வெட்டலாம். தனி ஆள் செய்யும் சேட்டை எதையும் வெட்டக் கூடாது.

மார்ச் 9
212.

மார்ச் 10
இதே ஐவெர்க்ஸ் 1937-ல் கொலம்பியா ஸ்டூடியோவுக்காக இதே விஷயத்தை வண்ணத்தில் எடுத்தார், 'ஸ்கெலிட்டன் ஃப்ராலிக்'. பார்க்க அழகு. பயமே இல்லை. கறுப்புக்கு எதிரில் வெள்ளை எலும்பு மட்டும் இருந்தபோது கண் வேறெங்கும் போகவில்லை. இதில் சுவரைப் பார்க்கவா, வானத்தைப் பார்க்கவா?

பையன் கேட்டது இன்னும் மண்டையில் ஓடுகிறது. கடைசியில் எல்லாம் ஒரே குவியலாகக் கல்லறைக்குள் ஓடிவிடும், பாதங்கள் மட்டும் வெளியே தங்கிவிடும். "அந்தப் பாதம் யாரோடது மாமா?" நான்கு பேரில் யாருடையதும் இல்லை என்றால் எப்படி?

மார்ச் 11
178. நாளை காலை முதல் ஆபரேஷனே அப்பாவுக்குத்தான். இன்றிரவு பத்துக்கு மேல் தண்ணீர்கூடக் கிடையாது. இரண்டு யூனிட் ரத்தம் கேட்கிறார்கள், தம்பி போயிருக்கிறான், ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறான்