காலையில 1011, சாயங்காலம் 1007

எங்க ஊரு வேதாரண்யம் பக்கம். ஐப்பசி பொறந்துட்டா வீட்டுல சீரியல் ஓடுதோ இல்லியோ வானிலை அறிக்கை ஓடும், தாழ்வு பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அதுக்கப்புறம் புயல்னு வரிசையா எங்க அப்பாயி சொல்லும், அது பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல. நாகப்பட்டினம் துறைமுகத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்திருக்கான்னு கேட்டுட்டுதான் மத்த பேச்சு.

அந்த பழக்கத்தோட 2017-ல சிங்கப்பூர் வந்து எறங்குனேன். என் போன்ல பாரோமீட்டர் இருக்கு, காத்தழுத்தம் எத்தனை ஹெக்டோபாஸ்கல்னு காட்டும். வந்த ரெண்டாவது வாரம் துவாஸ் சைட்ல காலையில டீ குடிக்கறப்ப பாத்தேன், 1011. சாயங்காலம் நாலரைக்கு பாத்தா 1007. ஒரே நாள்ல நாலு எறங்கிருக்கே, கண்டிப்பா ஏதோ வருதுன்னு அம்மாவுக்கு போன் போட்டு "இங்க புயல் வரும்போல"ன்னு சொல்லிட்டேன், அது ராத்திரி முழுக்க தூங்கல. மறுநாள் காலையில மறுபடி 1011.

கூட வேல பாக்குற புதுக்கோட்டை அண்ணன் சிரிச்சாரு, "தம்பி, இது டெய்லி ஏறி எறங்கும்டா, கடல் மாதிரி". தேடிப் படிச்சா உண்மைதான். சூரியன் சூடாக்குறதுல காத்து மண்டலத்துக்கும் ஓதம் மாதிரி ஒன்னு உண்டு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி ரெண்டு தடவை எறங்கும், காலையில பத்து பதினொன்னுக்கு உச்சம், சாயங்காலம் நாலு அஞ்சுக்கு அடி. ஊர்லயும் இதேதானாம், நம்ம கையில மீட்டர் இல்லாததால தெரியல. நேத்து இதே நேரம் என்ன இருந்துச்சுன்னு பாத்தாதான் அர்த்தம். அதவிட கூத்து, நான் ரூம் எடுத்திருக்குற எச்டிபி ப்ளாக்ல, அதாவது அரசாங்க அடுக்குமாடியில, லிஃப்ட் ஏறி பன்னெண்டாவது மாடிக்கு போனாலே நாலு கொறைஞ்சிரும்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 137 கிலோமீட்டர்தான். பூமி சுத்துறதுதான் புயலுக்கு சுழலக் குடுக்குது, ரேகை பக்கத்துல அந்த தள்ளு ரொம்ப கம்மி, அதனால இங்க புயல் பிடிக்கறது அபூர்வம். 2001 டிசம்பர்ல வாமேய்னு ஒன்னு ரேகையிலருந்து ஒன்றரை டிகிரியிலயே உருவாகி ஜோகூர்ல கரையேறுச்சு, அத இன்னிக்கும் அதிசயமா பேசுறாங்க.

இங்க பயப்பட வேண்டியது சுமத்ரா காத்துக்கு. ஏப்ரல்லருந்து நவம்பர் வரைக்கும், பெரும்பாலும் விடியக்காலையில. ராத்திரி சுமத்ரா, மலாக்கா நீரிணை பக்கம் திரண்ட இடிமேகம் வரிசையா இந்தப் பக்கம் வரும். ஒருநாள் அஞ்சரை மணிக்கு லாரிக்கு நின்னுட்டிருந்தோம், புழுக்கம்னா அப்படி ஒரு புழுக்கம், மேற்கால தார் பூசுன மாதிரி கருப்பு, திடீர்னு ஏசி ரூம் கதவ தொறந்த மாதிரி சில்லுனு ஒரு காத்து, மேல எந்த மாடியிலயோ காயப்போட்ட சட்டை மூங்கில் கழியோட பறந்து வந்து விழுந்துச்சு. போன பாத்தா அழுத்தம் ஏறியிருக்கு, ரெண்டு மூணு பாயிண்ட்! எனக்கு ஒன்னும் புரியல, மழைன்னா எறங்கணும்ல. மழையோட கீழ எறங்குற குளிர்ந்த காத்து கனமா இருக்கும், அது தலைக்கு மேல வந்து உக்காந்தா முள்ளு மேலதான் போகும்னு அப்புறந்தான் படிச்சேன். ஒரு மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சு வெயிலும் வந்துருச்சு. மின்னலுக்குத்தான் சைட்ல "கேட்டகரி 1"னு மின்னல் எச்சரிக்கை சைரன் அடிச்சு எல்லாரையும் கீழ எறக்குவாங்க, அத நம்பிதான் ஆகணும்.

டிசம்பர் ஜனவரி வேற கதை. சைபீரியாவுல குளிர்காத்து கனமா குவிஞ்சு தென்சீனக் கடல் வழியா எறங்குனா இங்க ரெண்டு மூணு நாள் விடாம மழை, ஜன்னல அடைச்சுட்டு படுக்கணும். பேரு அதேதான், வடகிழக்குப் பருவக்காத்து.

2018 நவம்பர்ல தாய்லாந்து வளைகுடாவுல ஒரு தாழ்வு பகுதி. எங்களுக்கு ஒன்னுமே தெரியல, என் போன்ல வழக்கம்போல 1010, 1007. அது மலேயா தீபகற்பத்த தாண்டி அந்தமான் கடல்ல எறங்கி, வங்கக்கடல்ல வளந்து கஜா புயல் ஆச்சு. 15-ஆம் தேதி நடுராத்திரி தாண்டி 16 பொறந்ததும் எங்க ஊருப் பக்கந்தான் கரையேறுச்சு, இங்க மணி விடியக்காலை மூணு நாலு இருக்கும், அம்மா போன் ஸ்விட்ச் ஆஃப். ரெண்டு நாள் கழிச்சு பக்கத்து வீட்டுப் பையனோட போன்லருந்து அம்மா பேசுச்சு. "நாப்பது தென்னையில ஆறு நிக்குதுடா" அவ்வளவுதான் சொல்லுச்சு.

அன்னிலருந்து நவம்பர்ல நான் பாரோமீட்டர் பாக்குறதில்ல, தாய்லாந்து வளைகுடா மேப்பதான் பாக்குறேன். அங்க மேகம் சுருள்ற மாதிரி தெரிஞ்சாலே போன் போட்டுருவேன். "ரேடியோவுல ஒன்னும் சொல்லலியேடா" அப்படிங்கும். "பரவால்லம்மா, டார்ச்ச சார்ஜ்ல போடு, சிலிண்டர் இருக்கான்னு பாரு".