எலும்பைத் தொடாமலே தொல்புரத போஸ்ட்டாக்: இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. டென்மார்க்கில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு வேலை), தொல்புரதங்களும் மனிதப் பரிணாமமும்: பழைய எலும்பிலும் பல்லிலும் மிஞ்சிய புரதங்களைப் படித்து அவை யாருடையவை என்று பார்ப்பது. லேபில் சேர்ந்த பிறகு எழுத நேரம் இருக்காது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். சிவி போடுவது, கவர் லெட்டர் எழுதுவது பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நான் ரத்த சீரத்தில் புற்றுநோய்ப் புரதங்களைத் தேடியவன். எலும்பைத் தொட்டதே கிடையாது. விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் கைடு, "உனக்கு எதுக்குப்பா ஆதிமனுஷன்?" என்றார். அவருடைய ரெஃபரன்ஸ் லெட்டர் கடைசி நாள் ராத்திரி, பத்து தடவை ஞாபகப்படுத்திய பிறகுதான் போனது. அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை. ஆஃபர் வந்தபோது முதல் போன் போட்டது அவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் துறைக்குள் இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். எலும்பைப் படித்த எலும்புக்காரர்கள், புரதத் துண்டுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் படித்த மெஷின்காரர்கள். நம் ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் மெஷின்காரர்கள் உடனே எலும்புக்காரர் வேஷம் போட்டு, நாலு புதைபடிவங்களின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். தேவையே இல்லை. உங்களுக்குத் தெரிந்தது மெஷின். அதை வைத்தே உள்ளே போகலாம்.

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு விஷயம்: மற்றவர்கள் வெளியிட்ட கச்சா டேட்டாவை எடுத்து நானே மறுபடி ஓட்டிப் பார்த்தது. இந்தத் துறையின் முக்கியமான பேப்பர்கள் தங்கள் மாஸ் ஸ்பெக்ட்ரம் ஃபைல்களை பிரைட் (PRIDE) என்ற இணையக் களஞ்சியத்தில் போட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. ஸ்பெயினின் அட்டபுவெர்கா மலையில் கிடைத்த, சுமார் 8 லட்சம் ஆண்டு பழைய ஹோமோ ஆன்டெசெசர் என்ற ஆதிமனித இனத்தின் பல் எனாமல் டேட்டாவை எடுத்துக்கொண்டேன். 2020இல் நேச்சரில் வந்தது. வழக்கம்போல, புரதத்தை வெட்டிய நொதி ட்ரிப்சின் என்று போட்டுத் தேடினால் பாதி பெப்டைடு (புரதத் துண்டு) சிக்காது. எனாமல் புரதங்களைப் பல் உருவாகும்போதே உடம்பின் நொதிகள் வெட்டிவிடுகின்றன, மிச்சத்தைக் காலம் வெட்டுகிறது. அதனால் எந்த நொதியும் குறிப்பிடாமல் தேட வேண்டும். அப்போது தேடும் பரப்பு பூதாகரமாகிவிடும். எங்கள் லேபின் பழைய கம்ப்யூட்டர் ராத்திரி பகலாக ஓடியது. யாரும் அணைத்துவிடக் கூடாதென்று சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தேன்.

முடிவு வந்ததும் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். முக்கியமான பெப்டைடுகளின் ஸ்பெக்ட்ரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பி அயனி, ஒய் அயனி (பெப்டைடு மெஷினுக்குள் உடையும்போது இரு முனைகளிலிருந்தும் வரும் துண்டுகள்) எது எங்கே விழுகிறது என்று கண்ணால் பாருங்கள். இன்டர்வியூவில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான்:

ஆஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் காலப்போக்கில் வேதிமாற்றம் அடைந்தால் (டீஅமிடேஷன்) எடை 0.984 டால்டன் கூடும். விளைவது ஆஸ்பார்டிக் அமிலத்தின் எடையேதான். அப்படியானால் இது பழமையின் அடையாளமா, உண்மையான மரபு மாற்றமா?

புரோலின் ஹைட்ராக்ஸிபுரோலின் ஆனால் 15.995 கூடும். அலனின் இருக்கும் இடத்தில் செரின் வந்தாலும் அதே 15.995. எலும்பின் முக்கியப் புரதமான கொலாஜனில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

லியூசினும் ஐசோலியூசினும் ஒரே எடை. இதைக் கேட்கவே இல்லை. தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் இரண்டுக்கும் நான் பாடமாகப் பதில் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திருப்பி ஒரு ஸ்பெக்ட்ரத்தைக் காட்டி, "இந்த இடத்தில் இரண்டு பக்கமும் அயனி இருக்கிறது, அதனால் நம்புகிறேன். இதோ இதில் இல்லை, அதனால் விட்டுவிடுவேன்" என்றேன். அறையின் போக்கே மாறிவிட்டது. அதுவரை பரீட்சையாக இருந்தது, அதற்குப் பிறகு அரட்டை.

இன்னொரு கேள்வி, அமெலோஜெனின் பற்றி: எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இரண்டிலும் மரபணு உள்ள எனாமல் புரதம் அது. ஒரு பல்லில் அமெலோஜெனின் எக்ஸ் பெப்டைடுகள் நிறைய, அமெலோஜெனின் ஒய் ஒன்றுகூட இல்லை. பேப்பரில் பெண் என்று எழுதுவீர்களா? ஒய் கிடைத்தால் ஆண் என்பது உறுதி. கிடைக்காதது வேறு கதை: மாதிரி குறைவாக இருந்தாலும் ஒய் தெரியாது, ஆகவே எக்ஸின் அளவோடு ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். நான் கூடுதலாக நம் பக்கத்து விஷயம் ஒன்றைச் சொன்னேன். ஹைதராபாத்தின் சிசிஎம்பி உயிரியல் ஆய்வு நிறுவனக் குழு 2002இல் 270 இந்திய ஆண்களைப் பரிசோதித்ததில் 5 பேருக்கு அந்த ஒய் மரபணுவே இல்லை. இலங்கையில் அதற்கு முன்பே, 1998இல் வெளியான ஆய்வில், 24 ஆண்களில் 2 பேருக்கு இல்லை. ஆண்தான், ஆனால் சோதனையில் பெண்ணாகத் தெரிவார். ஆதிமனிதக் கூட்டம் ஒன்றில் இப்படி இருந்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதும், குழுவில் ஒருவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

படிக்க வேண்டியவை, அவசரமாக:

- ஷியாஹே தாடை, 2019. திபெத்தியப் பீடபூமியில் ஒரு துறவிக்கு 1980இல் கிடைத்தது, குறைந்தது 1,60,000 ஆண்டு பழையது. டிஎன்ஏ கிடைக்கவில்லை, புரதம் டெனிசோவன் (நியாண்டர்தாலுக்கு நெருங்கிய, அழிந்துபோன மனிதக் கூட்டம்) என்று சொன்னது.
- பெங்கு தாடை, 2025. தைவான் கடலடியிலிருந்து வலையில் வந்தது. 4,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைப் படித்தும், டெனிசோவன் என்று சொல்லவைத்தவை இரண்டே மாறுபாடுகள். இது போதுமா என்று கட்டாயம் கேட்பார்கள். போதும், போதாது, எதுவானாலும் சொல்லுங்கள், மழுப்பாதீர்கள்.
- பாரந்த்ரோபஸ் ரோபஸ்டஸ் என்ற ஆதிமனித உறவினம், தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகை, 2025. சுமார் 20 லட்சம் ஆண்டு, நான்கு பற்கள்.
- டைனோசர் எலும்பில் கிடைத்தது உண்மையான கொலாஜனா, மாசா என்ற சண்டை, 2007 முதல். மாசு பற்றிப் பேச இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வெற்று மாதிரி, அதாவது எலும்போ பல்லோ போடாமல் ஓட்டும் பிளாங்க், உங்கள் டேட்டாவில் எத்தனை ஓட்டினீர்கள் என்று கேட்டால் தயங்காமல் பதில் வர வேண்டும். நம் தோலின் கெரட்டின் எல்லா இடத்திலும் இருக்கும். அது இருப்பதில் வெட்கமில்லை, மறைத்தால்தான் வெட்கம்.

மாநாட்டில் போய்க் கைகுலுக்கு, பேராசிரியர்களுக்கு மெயில் போட்டுக்கொண்டே இரு என்பார்கள். எனக்கு அது வராது, செய்யவும் இல்லை. அனுப்பிய ஒரே மெயில், அவர்கள் டேட்டாவில் ஒரு ஃபைலுக்கும் அட்டவணையில் உள்ள பெயருக்கும் பொருத்தம் புரியவில்லை என்று. பதில் அன்றைக்கே வந்தது. கலகலப்பான ஆளாக இருந்தால் நீங்கள் கைகுலுக்கிக்கொள்ளுங்கள்.

புரதம் எடுக்கப் பல்லை அரைப்பது பற்றியும் கேட்பார்கள். சில மில்லிகிராம்தான் என்றாலும் போனது போனதுதான். எந்தப் பல்லை, எந்தப் பக்கத்தில், ஸ்கேன் எடுத்த பிறகா, அனுமதி யாரிடம் என்று வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும். "முதலில் விலங்குப் பல்லில் செய்து பார்ப்பேன்" என்றேன். தலையாட்டினார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கும் சேர்த்துத் தயாராகிறவர்கள், போக நினைக்கும் நாட்டில் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயே தங்கியிருந்த நண்பர் ஒருவர் இதில்தான் கழன்றுபோனார்.

டென்மார்க்கில் நிபுணர் குழு உங்களைப் பற்றி எழுதிய மதிப்பீட்டை உங்களுக்கே அனுப்புவார்கள், பதில் கருத்தும் சொல்லலாம். என்னுடையதில் "மானிடவியல் பயிற்சி இல்லை" என்று இருந்தது. சரிதானே, நான் ஒன்றும் எழுதி அனுப்பவில்லை. சம்பளத்தைப் பேசும்போது அதற்கு மேல் பென்ஷன் எத்தனை சதவீதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கச்சா ஃபைல்கள் ஒவ்வொன்றும் பெரிது, இறக்கத் தொடங்கும் முன் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடுங்கள்.