மலைக்குப் போகும் ஜீப்புக்கு எந்தத் தலைப்பில் பணம் கேட்பது?

எங்கள் தாய்மார் நல ஆய்வுக்கு அரசு தரும் நிதியில் இரண்டாம் தவணைப் பணம் போன வாரம்தான் கல்லூரிக் கணக்கில் ஏறியது. களப்பணி செய்யும் பெண்களுக்குச் சம்பள பாக்கியைத் தீர்த்தாயிற்று. இனி உட்கார்ந்து எழுதலாம். கொங்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தாய்மார் நல ஆய்வுக்கு அரசு நிதி கேட்க நினைக்கும் டாக்டர்கள், நர்சிங் கல்லூரி ஆசிரியர்கள், தொண்டு நிறுவனக்காரர்கள் படித்தால் எனக்குச் சந்தோஷம். விண்ணப்பம் எழுதக் கற்றுத்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கே மாட்டிக்கொண்டு நிற்போம் என்று சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் ஆய்வு சத்தியமங்கலம், அந்தியூர் மலைகளில். கடம்பூர், தாளவாடி, பர்கூர். ஒரே ஈரோடு மாவட்டம்தான். ஆனால் சமவெளியில் கோபியில் இருக்கிற கர்ப்பிணிக்கும் மலையில் மாக்கம்பாளையத்தில் இருக்கிற கர்ப்பிணிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது, அதில் எதையெல்லாம் குறைக்க முடியும் என்பதுதான் கேள்வி. நாங்கள் விண்ணப்பம் எழுதிய சமயத்தில், கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் போக குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்ற இரண்டு காட்டாறுகளைத் தாண்டியாக வேண்டியிருந்தது. மழை பிடித்துத் தண்ணீர் வந்துவிட்டால் அது வடியும்வரை பஸ்ஸும் இருக்காது, ஆம்புலன்ஸும் இருக்காது. அந்தியூர் பக்கம் கத்திரிமலைக்கு அப்போது ரோடே இல்லை. தூளி கட்டித்தான் தூக்கி வந்தார்கள்.

முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. நிதி தருகிறவர்களின் நிபுணர் குழு எழுதியிருந்த காரணம் ஒரே வரி: தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் இலக்கை ஏற்கெனவே எட்டிவிட்டதால் இந்த ஆய்வின் அவசியம் தெளிவாக இல்லை.

அவர்கள் சொன்ன எண்ணில் தவறில்லை. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. ஐ.நா.வின் 2030 இலக்கு 70-க்குக் கீழே. காகிதத்தில் நாம் தேறிவிட்டோம். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு மாநிலத்துக்கு ஒரு எண்தான் தருகிறது. மாவட்டத்துக்கே தனி எண் கிடையாது, மலைக்கு எங்கே கிடைக்கும்? அந்த 54-க்குள் கோயம்புத்தூர் அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துக்கொள்கிறவரும் இருக்கிறார், பள்ளத்தில் தண்ணீர் வடியட்டும் என்று வலியோடு காத்திருக்கிறவரும் இருக்கிறார். இடைவெளி எங்கே என்று தேட வேண்டிய இடத்தில், சராசரியைக் காட்டி இடைவெளியே இல்லை என்று சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மறுபடி எழுதும்போது முதல் பக்கத்திலேயே ஒரு கணக்கைப் போட்டோம். வருசத்துக்கு 300 பிரசவம் ஆகிற ஒரு மலை வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 54 என்ற விகிதப்படி ஆறு வருசத்துக்கு ஒரு மரணம் நடக்கும். மலையில் நிலைமை மூன்று மடங்கு மோசம் என்றே வைத்தாலும் இரண்டு வருசத்துக்கு ஒன்று. மூன்று வருச ஆய்வில் இதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஒரு மரணம்கூட நடக்காத வருசத்தைக் காட்டி எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிடலாம். ஆகவே மரணத்தை எண்ணப் போவதில்லை, மரணத்தின் விளிம்புவரை போய்த் திரும்பியவர்களை எண்ணப் போகிறோம் என்று எழுதினோம். உலக சுகாதார நிறுவனம் இதற்கு 2011-இல் ஒரு வழிமுறையே கொடுத்திருக்கிறது. கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு, வலிப்பு, செப்சிஸ் என்கிற கடுமையான கிருமித்தொற்று, கர்ப்பப்பை கிழிதல், ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை என்று தெளிவான வரையறைகள் அதில் உண்டு. அதோடு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போன, கடும் ரத்தசோகை உள்ளவர்கள். அதோடு மூன்று தாமதங்கள்: வீட்டில் முடிவெடுக்க ஆன தாமதம், ஆஸ்பத்திரி போய்ச் சேர ஆன தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைக்க ஆன தாமதம். தாடியஸ், மெயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் எழுதிய அந்தச் சட்டகத்தைத் தெரியாத நிபுணர் யாரும் குழுவில் இருக்கமாட்டார்கள்.

சிறிய ஊர், சிறிய சமூகம் பற்றி ஆய்வு செய்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: இறப்பு விகிதத்தை முதன்மை அளவீடாகப் போடாதீர்கள். விண்ணப்பம் அங்கேயே விழுந்துவிடும்.

அடுத்த கேள்வி, முன்னோட்டத் தரவு எங்கே என்பது. இங்கேதான் எங்களுக்கு ஒரு பெரிய உதவி கிடைத்தது. மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒரு அக்கா. பல வருசமாக அதே மலையில் வேலை. கர்ப்பிணிகள் விவரம் பதிகிற அரசின் பிக்மி இணையதளத்தில் ஏற்ற வேண்டியதையெல்லாம் ஏற்றிவிட்டு, அதில் இடமில்லாத விஷயங்களுக்குத் தனியாக ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு தாய்க்கும் ஒரு வரி. வலி கண்ட நேரம், போன் வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், சத்தி சேர்ந்த நேரம். கடைசிக் கட்டத்தில் தாமதத்துக்குக் காரணம்: "பள்ளத்தில் தண்ணி", "யானை", "டவர் இல்லை", "மாமியார் விடல". ஒரு வரியில் மட்டும் சிவப்பு மையில் "வண்டியிலேயே" என்று எழுதி, குழந்தையின் எடையைப் போட்டிருந்தார்.

"இதையெல்லாம் யாருங்க மேடம் கேக்கறாங்கோ? எனக்கே மறந்துபோயிருமேன்னு எழுதி வெச்சனுங்க," என்றார்.

அந்த நோட்டுதான் எங்கள் விண்ணப்பத்தைக் காப்பாற்றியது. ஆனால் அது அரசுப் பதிவேடு இல்லை. பெயர்கள் வேறு இருந்தன. பெயரை நீக்கி எடுக்க ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் தனியாகத் திருத்தம் வாங்கினோம், மாவட்ட அதிகாரியிடம் எழுத்தில் அனுமதியும் வாங்கினோம். யாராவது அன்போடு நோட்டைக் கொடுத்தால் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பின்னால் சிக்கல் வந்தால் அடிபடுவது அந்தச் செவிலியர்தான்.

பழங்குடியினர் நலம் என்ற தனி நிதி அழைப்பில் விண்ணப்பம் போட்டால் எளிதில் கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். போட்டோம், சிக்கினோம். படிவத்தில் பயனாளிகளில் பட்டியல் பழங்குடியினர் எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம். சோளகர், ஊராளி, இருளர் பட்டியலில் இருக்கிறார்கள். பர்கூர், கடம்பூரில் வாழும் மலையாளி என்ற மலைச் சமூகத்தார் (கேரளத்து மலையாளிகள் அல்ல) பட்டியலில் இல்லை. சேலம், தருமபுரிப் பக்கம் மலையாளி என்றால் பழங்குடி, ஈரோட்டு மலையில் அதே மக்களுக்கு அந்தச் சான்று கிடையாது. பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே பள்ளம், ஒரே ஆம்புலன்ஸ். ஒருத்தி கணக்கில் வருவாள், பக்கத்து வீட்டுக்காரி வரமாட்டாள். அவர்களை விட்டுவிட்டு ஆய்வு செய்யச் சொன்னார்கள். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அழைப்பை விட்டுவிட்டுப் பொது அழைப்புக்கு மாறினோம். போட்டி அதிகம், ஆனாலும் அதுதான் சரி என்று இன்றும் சொல்வேன்.

வெளிநாட்டு நிதிக்குப் போங்களேன் என்று சொன்னவர்களும் உண்டு. எங்களோடு வேலை செய்யும் சத்தி அறக்கட்டளைக்கு, வெளிநாட்டுப் பணம் வாங்கத் தேவையான எப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவே முடியாது. கணக்கை டில்லி ஸ்டேட் வங்கிப் பிரதானக் கிளையில் திறக்க வேண்டும். சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு வேறு. சிறிய குழுக்கள் அந்தப் பக்கம் போய் வருசத்தைத் தொலைக்க வேண்டாம்.

நெறிமுறைக் குழு சிக்கலில்லாமல் முடிந்தது. ஒரே விவாதம், பேட்டிக்கு வரும் பெண்களுக்குக் கூலி இழப்பு கொடுப்பது ஆசை காட்டுவதாகாதா என்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டியிலேயே பயணச் செலவும் கூலி இழப்பும் ஈடுகட்டலாம் என்று இருக்கிறது. தொகையை எதோடு கட்டுவது என்று கேட்டார்கள். நூறு நாள் வேலைக் கூலியோடு என்றோம். அப்போது அது 319 ரூபாய். மறுபேச்சு இல்லை.

மாநில அனுமதிக் கடிதம்தான் என்னை உருக்கிவிட்டது. சென்னையில் ஒரு அலுவலகம். போனில் கேட்டால் "பைல் மேல போயிருக்கு மேடம்" என்றே பதில். கடைசியில் சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்து நேரில் போனேன். எங்கள் கோப்பைப் பார்க்கிற உதவியாளர் விடுப்பில் இருந்தார். பீரோ சாவி அவரிடம். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவர் வந்தாதான். எங்களுக்கு அந்த சீட் தெரியாது." மாவட்டத்துப் பெண்களைப் பற்றிய ஆய்வு, கடைசித் தேதி நெருங்குகிறது என்று விளக்கினேன். "எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்று ராத்திரியே திரும்பினேன். வண்டியில் தூக்கம் வரவில்லை.

அடுத்த தடவை உதவியாளர் இருந்தார். இணைப்பு 7, அதாவது மாவட்டப் பரிந்துரைக் கடிதம், இல்லை என்று குறை எழுதிக் கோப்பை ஓரமாக வைத்திருந்தார். எங்களுக்குக் கடிதம் அனுப்பியதாகச் சொன்னார். கல்லூரித் தபால் பதிவேட்டில் அப்படி ஒன்று வரவே இல்லை. கோப்பைப் புரட்டிக் காட்டுங்கள் என்றேன். அதெல்லாம் முடியாது என்றார். நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் அம்மா எழுந்து வந்தார். கோப்பை வாங்கி ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஆறாவது இணைப்போடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து, ஏழாவது பின்னாலேயே இருந்தது. எங்கள் பக்க எண்ணும் அதில் இருந்தது. ஒன்றும் பேசாமல் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, "இன்னிக்கே மேல வைங்க" என்றார். அந்த வாரமே கடிதம் கையெழுத்தானது. அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று இன்றும் இருக்கிறது.

அரசு அலுவலகத்துக்குக் கோப்பு அனுப்புகிறவர்கள் எல்லாத் தாளிலும் பக்க எண் போடுங்கள். மாவட்டப் பரிந்துரையை முகப்புக் கடிதத்துக்கு அடுத்தே வையுங்கள். உங்கள் கோப்புக்கு அலுவலகம் போடுகிற ந.க. எண் கிடைக்கும்வரை விடாதீர்கள், அது இல்லாவிட்டால் உங்கள் கோப்பு அங்கே இல்லை என்றே அர்த்தம். தனியார் கல்லூரி என்றால் மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை (டி.எஸ்.ஐ.ஆர்.) தரும் அங்கீகாரச் சான்றின் காலாவதித் தேதியையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இனி ஜீப். நாங்கள் வரவு செலவில் வாடகை வண்டிக்குப் போட்ட பணத்தை நிதி தருகிறவர்கள் முழுக்க அடித்துவிட்டு, பஸ் கட்டணம் போதும் என்று எழுதியிருந்தார்கள். மலையில் தங்கும் செலவையும் அடித்திருந்தார்கள். சத்தியிலிருந்து கிலோமீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டு, போன அன்றே திரும்பிவிடலாமே என்பது அவர்கள் வாதம். பண்ணாரி சோதனைச் சாவடி, 27 கொண்டை ஊசி வளைவு, 2022 பிப்ரவரியிலிருந்து தாளவாடி போகும் திம்பம் மலை ரோட்டில் இரவுப் போக்குவரத்துக்கு இருக்கிற கட்டுப்பாடு எல்லாவற்றையும் எழுதி, உத்தரவின் நகலை இணைத்து, வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் கடைசி பஸ் நேரத்தையும் குறித்து அனுப்பினோம். ஊராட்சித் தலைவரின் கடிதம் ஒன்றும் வைத்தோம். வாடகை வண்டியைப் பயணத் தலைப்பிலிருந்து எடுத்து, களப்பணித் தலைப்பில் "ஆய்வில் பங்கேற்கும் தாய்மாரைப் பரிசோதனைக்கு அழைத்து வர" என்று காரணத்தோடு போட்டோம். உண்மையும் அதுதான். ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அவர்களைக் கூட்டி வந்தாக வேண்டும். இம்முறை முழுத் தொகையும் வந்தது. மொத்த வேலையிலும் எனக்கு மிகப் பெரிய வெற்றி இதுதான்.

வண்டி கிடைத்தது, பில் கிடைக்கவில்லை. கடம்பூர் ஜீப்காரர் சொன்னார்: "ஏனுங்க டாக்டரம்மா, ஜி.எஸ்.டி. நம்பருக்கு நான் எங்கீங்க போறது? வண்டி ஒண்ணுதானுங்களே இருக்குது." கல்லூரிக் கணக்குப் பிரிவு ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பணம் தராது என்று நின்றது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. அதைச் சொல்லும் உறுதிமொழி, பான் அட்டை, ஆர்.சி. புத்தக நகல், கிலோமீட்டர் எழுதிய லாக் புத்தகம், இவை இருந்தால் தணிக்கையில் கேள்வி வராது. ஒன்றே ஒன்று, மஞ்சள் போர்டு வண்டியாக இருக்க வேண்டும். வெள்ளை போர்டைப் பிடித்தால் ரசீது செல்லாது.

முதல் தவணை வேகமாக வந்தது. இரண்டாவதுக்கு, வந்த பணத்தை எப்படிச் செலவு செய்தோம் என்று காட்டுகிற பயன்பாட்டுச் சான்றை ஜி.எப்.ஆர். 12-ஏ படிவத்தில் கேட்டார்கள். கணக்கில் ஏறிய வட்டியை நாங்கள் தனி வரியில் காட்டியிருந்தோம். ஆரம்ப இருப்போடு சேர்த்துக் காட்டு என்று திருப்பிவிட்டார்கள். மாற்றி அனுப்பினோம். பிறகு மவுனம். அந்த மாதங்களில் மலையில் வீடு வீடாக ஏறி இறங்கிய பெண்களுக்குச் சம்பளம் இல்லை. அதில் ஒருத்திக்கே அப்போது ஆறாம் மாதம். தாய்மார் நலத்துக்கென்று ஒதுக்கிய பணத்தைத் தாமதப்படுத்தி ஒரு கர்ப்பிணியைக் கடன் வாங்க வைத்ததை நான் மறக்கப் போவதில்லை. கல்லூரி நிர்வாகத்திடம் தொடங்கும்போதே எழுதி வாங்குங்கள்: தவணை தாமதமானால் களப்பணியாளர் சம்பளத்தைக் கல்லூரி முன்பணமாகக் கொடுக்கும், நிதி வந்ததும் ஈடுசெய்துகொள்ளும் என்று. எங்கள் கல்லூரி இப்போது அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறது.

தாளவாடியில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அங்கிருந்து சாம்ராஜ்நகர் பக்கம் போய்ப் பிரசவம் பார்த்துக்கொள்கிறவர்களின் விவரம் நம் பதிவேட்டில் சரியாக வந்து சேர்வதில்லை. அங்குள்ள ஆஸ்பத்திரியின் அனுமதிக்கு இனிமேல்தான் எழுத வேண்டும். இதற்கு முன்னால் கர்நாடக எல்லை தாண்டி இப்படி அனுமதி வாங்கியவர்கள் இருந்தால், எந்த அதிகாரிக்கு எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். வால்பாறையிலோ கொல்லிமலையிலோ இதே மாதிரி ஆய்வு தொடங்குகிறவர்களுக்கு எங்கள் கணக்கு, ஜீப்புக்கு எழுதிய விளக்கக் குறிப்பு, பெயர் நீக்கிய படிவம் எல்லாம் அனுப்பித் தருகிறேன். கேளுங்கள்.