கெரட்டோகோனஸ் கூடுகிறதா? ஒரு ஸ்கேனை நம்பி முடிவெடுக்காதீர்கள்

கெரட்டோகோனஸ் என்பது கருவிழி (கார்னியா) மெலிந்து கூம்புபோல் புடைக்கும் நோய். கருவிழியின் மிகச் செங்குத்தான புள்ளியின் வளைவுதான் கே-மேக்ஸ்; அதை டயாப்டர் என்ற அலகில் சொல்வார்கள். "கே-மேக்ஸ் ஒரு டயாப்டர் ஏறிடுச்சாம்" என்று ரிப்போர்ட்டோடு வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, லென்ஸை எப்போது கழற்றினீர்கள் என்பதைத்தான். ஆர்ஜிபி லென்ஸ் (காற்று ஊடுருவும் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ்) கருவிழியை அழுத்தித் தட்டையாக்கி வைத்திருக்கும். கழற்றியதும் கூம்பு மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நடுவில் ஸ்கேன் எடுத்தால் அதுவே நோய் முற்றியதுபோல் தெரியும். சாஃப்ட் லென்ஸ் என்றால் குறைந்தது ஒரு வாரம், ஆர்ஜிபி என்றால் இரண்டு முதல் நான்கு வாரம் போடாமல் இருக்க வேண்டும். லென்ஸ் இல்லாமல் வேலையே ஓடாது என்பவர்களுக்கு ஒவ்வொரு கண்ணாக நிறுத்தி அளக்கிறோம்.

ஸ்கேன்தான் முதல் வேலை. கண் அழுத்தம் பார்ப்பது, மரத்துப்போகும் சொட்டு, கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு எல்லாம் அதற்குப் பிறகு. பென்டாகேம் என்ற ஸ்கேன் கருவியில் கேமரா சுமார் இரண்டு நொடியில் சுற்றி வந்து 25 படம் எடுக்கும். விளக்கை அணைத்து, நெற்றி பட்டையில் நன்றாக ஒட்டியிருக்கச் செய்து, இரண்டு முறை இமைக்கச் சொல்லி, அகலத் திறந்ததும் எடுக்க வேண்டும். தாமதித்தால் கண்ணீர்ப் படலம் உலர்ந்து படம் கெடும். ஸ்கேனின் தரத்தைக் காட்டும் கியூஎஸ் கட்டத்தில் 'ஓகே' வராத ஸ்கேனைத் தூக்கிப் போடுங்கள். 'ஓகே' வந்துவிட்டதாலேயே அளவு துல்லியம் என்றும் ஆகிவிடாது.

அதனால் ஒரு கண்ணுக்கு மூன்று ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் நடுவே தாடையை எடுத்து மறுபடி வைக்கச் சொல்கிறோம். அப்படிச் செய்யாவிட்டால் உட்காரும் விதத்தால் வரும் வித்தியாசம் பிடிபடாது. உதாரணமாக, ஒரே நாளில் 54.1, 54.9, 53.6 என்று வந்தால் சராசரி 54.2, ஆட்டமே 1.3 டயாப்டர். ஆறு மாதம் கழித்து ஒற்றை ஸ்கேனில் 55.0 வந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதுவே 47.1, 47.2, 47.3 என்றிருந்த கண்ணில் பிறகு மூன்றுமே 48.2க்கு மேல் வந்தால் ஏற்றம் உண்மை. கூம்பு செங்குத்தாக ஆக ஆக இந்த ஆட்டமும் பெரிதாகும். ஒரு டயாப்டர் ஏறினாலே நோய் கூடிவிட்டது என்று எல்லாருக்கும் ஒரே விதி வைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை.

கே-மேக்ஸ் வெறும் ஒரு புள்ளியின் அளவு. கூம்பு அகலமாகப் பரவும்போது அது அசையாமலும் இருக்கும். 2015இல் வெளியான உலகளாவிய நிபுணர் கருத்தொருமிப்பு, முன்பரப்பு வளைவு, பின்பரப்பு வளைவு, மெலிதல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டேனும், கருவியின் ஆட்டத்தைத் தாண்டித் தொடர்ந்து மாற வேண்டும் என்கிறது. நோயின் நிலையைத் தரம் பிரிக்கும் பெலின் ஏபிசிடி அட்டவணையில் ஏ (முன்பரப்பு), பி (பின்பரப்பு) இரண்டும் மிக மெல்லிய இடத்தை மையமாக வைத்து 3 மி.மீ. வட்டத்தில் எடுக்கும் வளைவு ஆரம். சி தடிமன், டி கண்ணாடியோடு தெரியும் பார்வை. முதல் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடி பவர் மாறியதை மட்டும் சாட்சியாக எடுக்க வேண்டாம். இந்தக் கண்ணில் எந்த சிலிண்டர் பவரைப் (சீரற்ற வளைவை ஈடுசெய்யும் கண்ணாடி பவர்) போட்டாலும் சுமாராகத்தான் தெரியும், ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும்.

கருவியை மாற்றாதீர்கள். பென்டாகேம் எண்ணையும் சிரியஸ் என்ற வேறொரு ஸ்கேன் கருவியின் எண்ணையும் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை. ஊர் மாறினால் புது இடத்தில் முதல் அளவை மறுபடி எடுங்கள். நேரமும் ஒத்திருக்கட்டும், தூங்கி எழுந்தவுடன் கருவிழி சற்றுத் தடித்திருக்கும்.

பெரியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். 18 வயதுக்குக் கீழே மூன்று மாதம்; அலர்ஜியால் கண்ணைக் கசக்கும் பிள்ளைக்கு இரண்டாவது அளவுக்குக் காத்திராமலே கிராஸ்லிங்கிங் (கருவிழியை உறுதியாக்கும் சிகிச்சை) செய்வதும் உண்டு. செய்த பிறகு முதல் சில வாரங்களில் கே-மேக்ஸ் ஏறும், தடிமன் இறங்கும். அதைத் தோல்வி என்று பயப்பட வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு எடுக்கும் அளவையே புதிய தொடக்கமாக வையுங்கள்.