மோகனத்தில் வந்த மத்யமம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வீணையில் மோகன ராகத்தின் வர்ணத்தை (பயிற்சிக்கான உருப்படி) வாசித்துக்கொண்டிருந்தபோது, தந்தியை விரல் அழுத்தும் வெண்கலக் கட்டைகளில், நான்காம் மெட்டிலிருந்து ஏழாம் மெட்டுக்குத் தாவ வேண்டிய என் விரல் ஐந்தாம் மெட்டில் இறங்கிவிட்டது. சமையலறையில் டிக்காஷன் இறக்கிக்கொண்டிருந்த அம்மா, எட்டிக்கூடப் பார்க்காமல், "மோகனத்துல மத்யமம் எங்கேருந்துடா வந்தது?" என்றார். மோகனத்தில் மத்யமமும் இல்லை, நிஷாதமும் இல்லை, ஐந்தே சுரங்கள். மூன்று ஆண்டுகளாக வீணை கற்றும் ஐந்து சுரங்களுக்குள் அடங்கி இருக்கத் தெரியாத நாற்பத்தொன்பது வயதுக்காரன் நான். ஆனாலும் வாரத்தின் ஏழு காலைகளில் குறைந்தது ஐந்து காலைகள் வீணையின் முன் அமர்கிறேன். அதில் கிடைக்கும் மகிழ்ச்சி எந்த வகையானது என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டதற்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

வீணை என்னுடையதன்று, அம்மாவுடையது. அவருடைய தலைமுறையில் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டும் வீணையும் கற்றுக்கொடுத்ததில் பாதி பெண் பார்க்க வருபவர்களுக்காகத்தான். "பாடத் தெரியுமா?" என்ற கேள்விக்கு ஒரு கீர்த்தனை பாடி முடித்து, திருமணமும் முடிந்த பிறகு, அந்த இசைக்கு ஆண்டில் மிஞ்சியது நவராத்திரியின் ஒன்பது மாலைகள் மட்டுமே. கொலுவுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கூடத்தில் யாரும் யாருக்கும் மதிப்பெண் போட்டதாக எனக்கு நினைவில்லை. எடுத்த சுருதி எட்டாமல் பாதியில் நிறுத்தியவர்களுக்கும் அதே சுண்டல்தான். அம்மாவின் வீணையோ நான் பிறந்த ஆண்டு உறைக்குள் போய்ப் பரணில் ஏறியது, நாற்பத்தாறு ஆண்டுகள் இறங்கவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வெள்ளை அடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோதுதான் அதை இறக்கினோம். பலா மரம் கெட்டிருக்கவில்லை. குடமும் தண்டியும் யாளி முகமும் அப்படியே இருந்தன. ஆனால், இருபத்து நான்கு மெட்டுகளும் பதிந்திருக்கும் மெழுகு, வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. வீணையின் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. தேன்மெழுகோடு கரித்தூள் கலந்து தண்டியின் இரு விளிம்புகளிலும் வரப்புப் போல எழுப்பி, அதன் மேல் வெண்கல மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். அதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தஞ்சாவூரில் மேளம் கட்டிக்கொடுத்த பெரியவர், ஒவ்வொரு மெட்டையும் வைத்து, தந்தியை மீட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டி, ஒரு முழு நாளைச் செலவிட்டார். அளவுகோல் எதையும் அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் நகர்த்துவதற்கு முன்பும் பின்பும் ஒரே ஒலியாகத்தான் கேட்டது. இன்றைக்கு அப்படிக் கேட்காது என்று நினைக்கிறேன். நண்பரின் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலின் தொடக்கம் அதுதான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கும் என் ஆசிரியைக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. முதல் இரண்டு மாதங்கள் அவர் என்னை வீணையைத் தொடவே விடவில்லை. "வாயால வராதது கையால வராதுங்க, முதல்ல பாடுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது பெரிய சோதனை. பள்ளியில் பிரார்த்தனைப் பாடலுக்கு நிற்கும்போது, "நீ வாயை மட்டும் அசைச்சா போதும்" என்று ஆசிரியர் ஒருவர் சொல்லியதற்குப் பிறகு, பிறர் கேட்க நான் பாடியதே இல்லை. குளியலறையில்கூடக் குழாயைத் திறந்துவிட்டுத்தான். அப்படிப்பட்டவன், தம்புரா ஒலியைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு, ஒரு கட்டைச் சுருதியில், மாயாமாளவகௌளை ராகத்தில், தொடக்கப் பாடமான சரளி வரிசையை மூன்று காலங்களில் (வேகங்களில்), எழுபது வயதுப் பெண்மணி ஒருவரின் முன்னால் உரக்கப் பாட வேண்டியிருந்தது.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, பஞ்சமத்தில் நின்று மூச்சு தீரும்வரை இழுத்துக்கொண்டிருந்தபோது என் குரல் காணாமல் போனது. அடைத்துக்கொள்ளவில்லை, தொண்டை பாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால், தம்புராவின் பஞ்சமம் எங்கே முடிகிறது, என்னுடையது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. மூன்று நொடிகள் இருந்திருக்கலாம். வியந்துபோய் நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்தினீங்க? அதுதான் சேர்றது" என்றார் ஆசிரியை. சுருதி சேர்வது என்ற சொல்லை அதற்கு முன் ஆயிரம் முறை கேட்டிருப்பேன். அது உடம்பில் நிகழும் ஒன்று என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மார்பெலும்பு அதிர்ந்தது. அந்த மூன்று நொடிகளைத் தேடித்தான் அடுத்த நாளும் உட்கார்ந்தேன். பல நாட்கள் கிடைக்கவில்லை, கிடைத்த நாட்களில் அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம் அது கூடவே வந்தது.

பிறகு வீணை கைக்கு வந்தது. இடக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி பதிந்து பதிந்து கோடு விழுந்தது. தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பழகினேன். வலக்கையின் சுண்டுவிரல் பக்கத்துத் தாளத் தந்திகளை மீட்ட வேண்டிய நேரத்தில் மறந்தது, மீட்டக் கூடாத நேரத்தில் நினைவாக மீட்டிக்கொண்டிருந்தது. இன்னமும் அப்படித்தான் இருக்கிறது. என் முன்னேற்றத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வர்ணத்தில் பதினான்கு மாதங்களாக இருக்கிறேன் என்று சொன்னால், முறையாகக் கற்பவர்கள் சிரிப்பார்கள். அரங்கேற்றம், போட்டி, தேர்வு என்று காத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. எனக்கு இருக்கிறது. ஒரே ஒரு சுரச் சொற்றொடரை, அது சரியாக வருவதற்காக என்றுகூட இல்லாமல், அது இருக்கும் அழகுக்காகவே நாற்பது முறை வாசித்துக்கொண்டிருக்கலாம். நாற்பத்தோராவது முறை அதற்குள் இதுவரை கவனிக்காத ஒரு வளைவு தட்டுப்படும்.

இதனால் மாறியது என் காதுதான். முன்பெல்லாம் கச்சேரியில் உட்கார்ந்தால், இந்த ராகத்தில் எந்தத் திரைப்பாடல் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்லித் திருப்தி அடையும் வகை ரசிகன் நான். தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடுவது என்று எங்கோ படித்திருந்தேன். ஆசிரியை தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து அதைக் காட்ட, நானும் இழுத்துப் பார்த்து, ஒருமுறை போதாமலும் ஒருமுறை மிஞ்சியும் போனபோதுதான், அந்த ஊசலாட்டத்துக்கு ஓர் அளவும் நிதானமும் இருப்பது புரிந்தது. இப்போது யார் தோடி பாடினாலும் அந்த இடம் வரும்போது என் இடக்கை விரல்கள் மடியில் தாமாக வளைகின்றன. வயலில் இறங்கி நாற்று நட்டவன் பேருந்து சன்னலிலிருந்து பச்சை வயலைப் பார்ப்பதற்கும், மற்றவர்கள் பார்ப்பதற்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்குமல்லவா, அதைப் போன்றது இது. வித்வான்களின் மேல் எனக்கிருந்த மரியாதை குறையவில்லை, பல மடங்கு கூடியிருக்கிறது. முன்பு அதற்குக் காரணம் சொல்லத் தெரியாது.

வீணை பெரிய மண்டபங்களுக்கான வாத்தியமும் அன்று என்பது என் எண்ணம். வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததை, இசை அறிந்தவர்கள் தேடிச்சென்று கேட்டிருக்கிறார்கள். அவருடைய வாசிப்பு அவ்வளவு மென்மையானது என்பதால், கூடியிருப்பவர்கள் ஓசைப்படாமல் இருந்தாக வேண்டும். அவர் மேதை, அவரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்வது அபசாரம். ஆனாலும், ஓர் அறைக்குள், ஒலிபெருக்கி இல்லாமல், நான்கு பேருக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு ஒலிப்பது இந்த வாத்தியத்தின் இயல்பு என்பது, மேடை ஏற வாய்ப்பே இல்லாத எனக்கு ஒரு சலுகையாகத் தோன்றுகிறது.

தனியாக வாசிப்பது ஒரு வகை என்றால், கூட்டத்தோடு பாடுவது முற்றிலும் வேறு வகை. தியாகராஜர் 1847இல் சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமி நாளில், திருவையாற்றில் காவிரிக்கரையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள். பெரும்பாலும் ஜனவரியில் வரும் அந்த நாளுக்காக, ஆசிரியையும் மாணவர்களுமாக ஏழு பேர், நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ராகங்களில் அமைந்த ஐந்தையும் எட்டு மாதம் பாடிப் பழகினோம். வராளியை நேரடியாகக் கற்றுக்கொடுத்தால் குரு சீடர் உறவுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் ஆசிரியை அதை மீறவும் விரும்பவில்லை, கீர்த்தனையை விடவும் விரும்பவில்லை. "நான் பாட்டுக்கு உள்ளே பாடிண்டிருப்பேன். கூடத்துல உட்கார்ந்து கேட்டுக்குங்க. நான் சொல்லிக்கொடுத்தேன்னு மட்டும் எங்கேயும் சொல்லிடாதீங்க" என்று அவர் கண்டுபிடித்த வழியை இங்கே எழுதுவது சரியா என்று தெரியவில்லை.

திருவையாற்றின் அந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இன்று நாம் காணும் தியாகராஜரின் சமாதிக் கோயிலை 1920களில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). அப்போது அந்த நினைவு நாள் ஆராதனையைப் பிரிந்து நின்று நடத்திவந்த இசைக் கட்சிகள் பெண்களை அங்கே பாட அனுமதிக்கவில்லை. கோயில் கட்டியவருக்கே பாட இடமில்லை என்ற நிலையில் அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார், போராடினார்; பல ஆண்டுகள் கழித்தே பிரிந்திருந்தவர்கள் ஒன்றானார்கள். அவருடைய சமாதியும் அங்கேயே இருக்கிறது. அவ்வளவு தேர்ந்த பாடகிக்கு மறுக்கப்பட்ட ஒன்று, வாயை மட்டும் அசைக்கச் சொல்லப்பட்ட எனக்குக் கேட்காமலேயே கிடைத்திருக்கிறதே என்ற கூச்சத்தோடுதான் பந்தலின் பின்பகுதியில், மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாட்டை தொடங்கியது. முதல் வரியில் என் குரல் எனக்கே கேட்டது. இரண்டாவது வரியில் கேட்கவில்லை. முன்னால் வித்வான்கள், அவர்களுக்குப் பின்னால் மாணவர்கள், அவர்களுக்கும் பின்னால் என்னைப் போன்றவர்கள் என்று அத்தனை பேரும் ஒரே சிட்டசுரத்தை (பாட்டோடு கோத்த சுர வரிசை) பாடும்போது எழும் ஒலியில், ஒருவர் நழுவுவது ஓடுகிற ஆற்றில் ஓர் இலை சுழல்வதைப் போன்றது; ஆறு அதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கௌளையில் இரண்டு இடங்களில் சாகித்தியத்தைத் தவறவிட்டேன். ஆரபியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கை பக்கத்து இருக்கைக்காரரின் கையோடு ஒத்துப்போனதைக் கண்டு அவர் தலையை அசைத்தார். நாங்கள் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. ஸ்ரீ ராகம் முடிந்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன். விரல் மூட்டுகளில் வலி என்று மறுத்துவிட்டார். அது உண்மைதான், ஆனாலும் முழு உண்மையன்று என்று நினைக்கிறேன். என் தவறுகளைச் சமையலறையிலிருந்து திருத்துவதுதான் அவருக்கு இப்போது பிடித்த வாசிப்பு.

ஞாயிற்றுக்கிழமை வந்த அந்த மத்யமத்துக்கு ஒரு பின்கதை உண்டு. கீழ்வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். மறுநாள் மாலை நான் படியேறும்போது, அவள் படிக்கட்டில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டே எதையோ முனகிக்கொண்டிருந்தாள். மோகன வர்ணம், நான் பதினான்கு மாதங்களாக வாசிக்கும் அதே சொற்றொடர். அப்படியே நின்றுவிட்டேன். காந்தாரத்திலிருந்து ஏறினாள், பஞ்சமத்துக்குப் போகும் வழியில், எந்தத் தயக்கமும் இல்லாமல், என் மத்யமத்தையும் தொட்டுக்கொண்டுதான் போனாள்.